302-ல் 145 போனால் எத்தனை?

மூன்றாம் வகுப்புக் கணக்கு ஒன்று. 302-லிருந்து 145-ஐக் கழிக்க வேண்டும். விடை 157. ஒரு பிள்ளை 243 என்று எழுதுகிறது. பக்கத்துப் பிள்ளை 167 என்று எழுதுகிறது. இரண்டுக்கும் சிவப்பு மையில் ஒரே பெருக்கல் குறி. மதிப்பெண்ணைக் கல்வித் துறையின் செயலியில் ஏற்றும்போதும் இரண்டும் ஒரே பட்டியலில் போய்ச் சேரும்.

இரண்டு பிள்ளைகளும் நிற்கும் இடம் வேறு. 243 எழுதிய பிள்ளைக்குக் கழித்தல் என்பது ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதை எடுப்பது. ஐந்தில் இரண்டு போனால் மூன்று, நான்கில் பூஜ்யம் போனால் நான்கு, மூன்றில் ஒன்று போனால் இரண்டு. மேலே இருப்பது எது, கீழே இருப்பது எது என்ற கவலையே அதற்கு இல்லை. இந்தப் பிள்ளையிடம் கடன் வாங்குவதைப் பற்றிப் பேசிப் பயனில்லை. குச்சிக் கட்டுகளை எடுத்து வைத்து, இடமதிப்பிலிருந்து தொடங்க வேண்டும். 167 எழுதிய பிள்ளைக்குக் கடன் வாங்கத் தெரியும். நடுவில் இருக்கும் பூஜ்யத்தில்தான் சறுக்கல். நூறுகளிலிருந்து ஒன்றை வாங்கிப் பத்துகளில் வைத்தது. அங்கிருந்து ஒன்றை ஒன்றுகளுக்குக் கொடுத்தது. கொடுத்த பிறகு அங்கே ஒன்பதுதான் மிச்சம் என்பதை மறந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் பேசினால் சரியாகிவிடும்.

புதிய கற்றல் விளைவுகள், புதிய மதிப்பீடுகள், புதிய செயலி, புதிய பயிற்சி நூல் என்று தமிழகத் தொடக்கப் பள்ளிகளுக்குள் சில ஆண்டுகளாக வந்து இறங்கியிருக்கும் அத்தனையும் கடைசியில் இந்த இரண்டு தவறான விடைகளின் முன்னால்தான் வந்து நிற்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்க ஆசிரியருக்கு உதவினவா, இல்லையா? கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

விழுப்புரம் மாவட்டத்தின் செஞ்சி இந்தக் கேள்வியைக் கேட்கப் பொருத்தமான ஊர். திண்டிவனத்துக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவில், நெல் மூட்டைகள் குவியும் விற்பனைக் கூடமும் மூன்று மலைக் கோட்டையுமாக இருக்கும் பேரூராட்சி. 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ‘மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்’ என்ற பெயரில் பன்னிரண்டு கோட்டைகள் சேர்ந்தன. அவற்றில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான். செய்தியாளர்கள் கோட்டையின் ராஜகிரி மலை உச்சியைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அடிவாரத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளைப் படம் எடுக்க யாரும் வரவில்லை. படம் எடுக்க அங்கே என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு. அதுதான் விஷயமே.

வந்த திட்டங்கள், போன திட்டங்கள்

கோன்கள், நாயக்கர்கள், பீஜப்பூர் சுல்தான்கள், மராட்டியர், மொகலாயர், ஆற்காட்டு நவாபு, பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று செஞ்சிக் கோட்டை பல கொடிகளைப் பார்த்திருக்கிறது. முப்பது ஆண்டு பணி முடித்த ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியரும் ஏறக்குறைய அத்தனை திட்டங்களைப் பார்த்திருப்பார்.

1994-ல் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் தமிழகத்தில் தொடங்கியபோது முதல் கட்டத்திலேயே பழைய தென்னார்க்காடு மாவட்டப் பகுதி இடம்பெற்றது. பெண் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்கள் என்பதால் வந்த வாய்ப்பு அது. வட்டார வள மையம், குறுவள மையம், ஆசிரியர் பயிற்றுநர் என்று இன்று ‘பிஆர்சி’, ‘சிஆர்சி’, ‘பிஆர்டிஇ’ எனச் சுருக்கிச் சொல்லும் ஏற்பாடுகளுக்கு வேர் அந்தக் காலத்தில்தான் இருக்கிறது. பிறகு அனைவருக்கும் கல்வி இயக்கம். 2007-ல் செயல்வழிக் கற்றல். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் எம்.பி. விஜயகுமார் ஐ.ஏ.எஸ். முன்னின்று முயன்று பார்த்த முறை, மாநிலத்தின் 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரே வீச்சில் விரிந்தது. கரும்பலகை கீழே இறங்கியது. பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து, கற்றல் ஏணிப்படியில் தம் இடத்தைப் பார்த்து, அட்டையைத் தாமே எடுத்தார்கள். ஆந்திரத்தின் ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளியில் பிறந்த யோசனை அது; உலகமே வந்து பார்த்துவிட்டுப் போனது. நாளடைவில் பல பள்ளிகளில் அட்டைகள் கிழிந்து, எண் மாறி, அலமாரிக்குள் போயின.

2010-ல் சமச்சீர் கல்வி. 2012-13-ல் முப்பருவ முறையும் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும்: வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. வளரறி மதிப்பீடு நல்ல எண்ணத்தில் வந்த ஏற்பாடு. பிள்ளை படிக்கும்போதே கவனித்து, அடுத்த பாடத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்வதுதான் அதன் நோக்கம். நடைமுறையில் அது சார்ட் பேப்பராகவும் கடைசி நேரத்தில் நிரப்பும் மதிப்பெண் பதிவேடாகவும் சுருங்கிப்போனதை அந்தக் காலத்தில் பள்ளியில் பிள்ளைகளை வைத்திருந்த எந்தப் பெற்றோரும் சொல்வார்.

2017-ல் என்.சி.இ.ஆர்.டி. தொடக்க வகுப்புகளுக்கான கற்றல் விளைவுகளை வெளியிட்டது. ஒவ்வொன்றுக்கும் குறியீடு உண்டு. எம் 301 என்றால் மூன்றாம் வகுப்பில் மூன்றிலக்க எண்களைக் கையாளத் தெரிய வேண்டும். முன்பெல்லாம் ‘பாடம் முடிந்ததா?’ என்று கேட்ட அதிகாரி, ‘பிள்ளைக்கு என்ன வருகிறது?’ என்று கேட்கத் தொடங்கிய காலம் அது. அதே ஆண்டு நவம்பரில் நடந்த தேசிய அடைவுத் தேர்வு இந்தக் குறியீடுகளை வைத்துத்தான் மாவட்ட வாரியாக அறிக்கை கொடுத்தது. 2018-ல் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழு வகுத்த புதிய பாடத்திட்டம், கியூஆர் குறியீடு போட்ட பாடநூல்களோடு வந்தது.

பிறகு கொரோனா. பள்ளிகள் மூடியே கிடந்தன. பள்ளி மூடலில் படிப்பை இழந்த பிள்ளைகளைத் தேடி மாலை நேரத்தில் தன்னார்வலர் போகும் ‘இல்லம் தேடிக் கல்வி’ 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கியது இதே விழுப்புரம் மாவட்டத்தில்தான். மரக்காணத்தை ஒட்டிய முதலியார்குப்பத்தில். கிராமப்புறப் பிள்ளைகளிடம் 2022-ல் நடத்திய ‘அசர்’ ஆய்வின் அறிக்கை 2023 ஜனவரியில் வந்தபோது தமிழகம் திடுக்கிட்டது. மூன்றாம் வகுப்பில் படிப்பவர்களில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாக வாசிக்கக்கூடியவர்கள் 2018-ல் 10 சதவீதம். 2022-ல் 5 சதவீதத்துக்கும் கீழ்.

அரும்பு, மொட்டு, மலர்

2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் முதல்வர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்த ‘எண்ணும் எழுத்தும்’ கொரோனாக் கால இழப்பின் பின்னணியில் வந்தது. எட்டு வயது நிரம்பிய எந்தக் குழந்தைக்கும் பொருள் புரிந்து வாசிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் 2025-க்குள் தெரிந்திருக்க வேண்டும் என்பது இலக்கு. முதலில் ஒன்று முதல் மூன்று வரை. 2023-24-ல் நான்கு, ஐந்தாம் வகுப்புகளும் சேர்ந்தன.

திட்டத்தின் அச்சாணி ஒரு எளிய உண்மை. மூன்றாம் வகுப்பு என்ற பலகையின் கீழ் உட்கார்ந்திருக்கும் எல்லாரும் மூன்றாம் வகுப்பில் இல்லை. ஆகவே பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, நிலைக்கு ஏற்ற பயிற்சி நூல் கொடுக்க வேண்டும். ஆசிரியர் கையேட்டில் நாள்தோறும் என்ன செய்வது என்று எழுதியிருக்கும். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் பயிற்சி. வளரறி மதிப்பீடு அ, வளரறி மதிப்பீடு ஆ, பருவ முடிவில் தொகுத்தறி மதிப்பீடு. எல்லாம் செயலியில்.

ஈராசிரியர் பள்ளிகள் நிறைந்த செஞ்சி, வல்லம், மேல்மலையனூர் பக்கத்துக்கு இந்த ஏற்பாடு நியாயமாகவே பொருந்தியிருக்க வேண்டும். இங்கே ஒரே அறையில் மூன்று வகுப்புகள் உட்காருவது புதிதல்ல. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் பெங்களூர்க் கட்டட வேலைக்கும் குடும்பத்தோடு போய்த் திரும்பும் பிள்ளை பாதி ஆண்டில் வந்து நின்றால், வயதைப் பார்த்து ஒரு வகுப்பில் உட்காரவைப்பதைவிட, எங்கே நிற்கிறது என்று பார்த்து அங்கிருந்து தொடங்குவதே நேர்மை. கொள்கை அளவில் பல ஆசிரியர்கள் இதை மறுப்பதில்லை.

சிக்கல் நடைமுறையில்தான். அரும்பு எங்கே முடிகிறது, மொட்டு எங்கே தொடங்குகிறது?

ஒரு பிள்ளை ‘வாழைப்பழம்’ என்ற சொல்லைப் பார்க்கிறது; ‘வாளப்பளம்’ என்று வாசிக்கிறது. வீட்டில் அப்படித்தான் பேசுகிறார்கள். எழுத்தை அடையாளம் கண்டுகொண்டது, சொல்லைப் புரிந்துகொண்டது, தட்டில் இருக்கும் பழத்தையும் காட்டிவிடும். ஓர் ஆசிரியர் உச்சரிப்பு பிசகிவிட்டது என்று கீழ்நிலையில் வைக்கிறார். பக்கத்து ஊர் ஆசிரியர் பொருள் புரிந்துவிட்டது என்று மேலே ஏற்றுகிறார். இருவரும் கற்றல் விளைவை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள்தான். அது ஒரு பிள்ளையின் வாயிலிருந்து வரும்போது எப்படி இருக்கும் என்பதில்தான் இருவருக்கும் ஒத்த கருத்து இல்லை. ‘நூற்று ஐந்து’ என்று சொன்னால் 1005 என்று எழுதும் பிள்ளையைப் பற்றியும் இதே விவாதம் நடக்கலாம். நடக்க வேண்டும். அப்படி ஒத்த கருத்து உருவாகாமல் ஒன்றியத்திலிருந்து மாவட்டத்துக்கும் மாவட்டத்திலிருந்து சென்னைக்கும் போகும் சதவீதங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மேலிருந்து கீழே

பயிற்சி எப்படி இறங்குகிறது என்பதை ஆசிரியர்கள் எல்லாரும் அறிவார்கள். மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் கட்டகம் தயாரிக்கும். மாநிலக் கருத்தாளர்கள் மாவட்டக் கருத்தாளர்களுக்குச் சொல்வார்கள், அவர்கள் வட்டாரக் கருத்தாளர்களுக்கு, அவர்கள் ஆசிரியர்களுக்கு. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் நேரம் குறையும், கொஞ்சம் ஆழம் குறையும். எஞ்சுவது பெரும்பாலும் எது? ‘எப்படிச் செய்வது’ நிற்கும். ‘ஏன் செய்கிறோம்’ கழன்றுவிடும். காணொலி ஓடும், பாட்டும் செயல்பாடும் நடக்கும், குழுவாகப் பிரிந்து சார்ட்டில் எழுதிக் காட்டுவார்கள், புகைப்படம் எடுப்பார்கள். மதியத்துக்கு மேல் கேள்வி நேரத்தில் கைகள் உயர்ந்தால், ‘சர்வர் வேலை செய்யலைன்னா எந்தத் தேதிக்குள்ள ஏத்தணும் சார்?’ என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். ஆசிரியரைக் குறை சொல்ல முடியாது. ஏற்றாவிட்டால் விளக்கம் கேட்பார்கள். பிள்ளையின் 243-ஐப் புரிந்துகொள்ளாவிட்டால் யாரும் எதுவும் கேட்பதில்லை.

டிட்டோஜாக் எனப்படும் தொடக்கக் கல்வி ஆசிரியர் இயக்கங்களின் கூட்டு நடவடிக்கைக் குழு 2023 அக்டோபரில் போராட்டம் அறிவித்தபோது, அரசோடு நடந்த பேச்சில் எமிஸ் என்னும் கல்வித் தகவல் தளத்தில் பதிவேற்றும் பணியிலிருந்து விடுதலை வேண்டும் என்பதும் முக்கியமான கோரிக்கையாக இருந்தது. அதற்குச் சற்று முன், எண்ணும் எழுத்தும் வகுப்புகளை மதிப்பிட பி.எட். மாணவர்களை அனுப்பும் முடிவுக்கும் சங்கங்கள் கடும் எதிர்ப்புத் தெரிவித்தன. இன்னும் ஆசிரியராகாத ஒருவர் இருபது ஆண்டு அனுபவம் உள்ளவரின் வகுப்பை மதிப்பிடுவதா என்ற கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் வெளியாள் ஒருவர் வந்து பார்ப்பதே கூடாது என்ற அளவுக்குப் பேச்சு போனபோது நியாயம் தேய்ந்தது. தன் பிள்ளைகளுக்குத் தானே மதிப்பெண் போட்டுத் தானே ஏற்றும் முறையில் எண்கள் ஊதிப்போகும் என்பது சங்கத் தலைவர்களுக்கும் தெரியாததல்ல.

வெளியிலிருந்து பார்ப்பது 2025 பிப்ரவரியில் வேறு வடிவத்தில் நடந்தது. மாநிலத் திட்டக் குழுவும் பள்ளிக் கல்வித் துறையும் சேர்ந்து மாநில அடைவுத் தேர்வை நடத்தின. மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளில் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் எழுதினார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பு, 2024 டிசம்பர் 4 அன்று மத்திய அரசின் ‘பரக்’ ஆய்வு மூன்று, ஆறு, ஒன்பதாம் வகுப்புகளில் நடந்திருந்தது. இரண்டையும் எதிர்கொண்ட பள்ளிகளில் பிள்ளைகள் ஓஎம்ஆர் தாளில் வட்டம் நிரப்பப் பழகியதுதான் பெரிய பாடம் என்று கேலியாகச் சொல்வதுண்டு. கேலியில் பாதி உண்மை. தேர்வின் முடிவு மாவட்டத்துக்கு இத்தனை சதவீதம் என்று வந்தால் மாவட்ட ஆட்சியருக்குப் பயன்படும். திங்கட்கிழமை காலை வகுப்பில் நுழையும் ஆசிரியருக்கு அது பயன்பட வேண்டுமானால், எந்தக் கேள்வியில், எந்தத் தவறான விடையை, ஏன் பெரும்பாலோர் தேர்ந்தெடுத்தார்கள் என்று அவர் கையில் கிடைக்க வேண்டும். நல்ல கேள்வித்தாளில் தவறான தெரிவுகள் சும்மா போட்டவை அல்ல. 243-ம் 167-ம் தெரிவுகளாக இருந்தால், ஒவ்வொன்றையும் எத்தனை பேர் தொட்டார்கள் என்பதே ஒரு முழுப் பயிற்சி வகுப்புக்குப் போதும்.

பட்டதாரி ஆசிரியரின் புதுச் சிக்கல்

2025-26-ல் ஆறு முதல் ஒன்பது வரை ‘திறன்’ திட்டம் வந்தது. அடிப்படை மதிப்பீடு நடத்தி, பின்தங்கிய மாணவர்களுக்குத் தமிழ், ஆங்கிலம், கணக்கில் தனிப் பயிற்சி நூலும் தனி நேரமும். தேவையான திட்டம். தொடக்க வகுப்புப் படிப்பைக் கொரோனாவிடம் பறிகொடுத்த பிள்ளைகள்தான் இப்போது உயர்நிலைப் பள்ளியில் இருக்கிறார்கள்.

இங்கே அதிகம் பேசாத ஒரு விஷயம் உண்டு. இயற்கணிதமும் வடிவியலும் நடத்தத் தயாரான கணக்குப் பட்டதாரி ஆசிரியர், எட்டாம் வகுப்புப் பையனுக்குக் கழித்தல் சொல்லித்தர வேண்டும். தமிழாசிரியர் புணர்ச்சி விதியை வைத்துவிட்டு, ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் வித்தியாசம் காட்ட வேண்டும். பி.எட். படிப்பில் இதை யாரும் சொல்லித்தரவில்லை. இது தொடக்கப் பள்ளி ஆசிரியரின் கைத்தொழில். அதற்கென்று நுணுக்கம் இருக்கிறது. செஞ்சி ஒன்றியத்தில் ஒரு உயர்நிலைப் பள்ளி ஆசிரியருக்கு இதைக் கற்றுத்தரத் தகுதியானவர் சென்னையிலிருந்து வர வேண்டியதில்லை. அதே தெருவில் இருக்கும் தொடக்கப் பள்ளியின் இடைநிலை ஆசிரியர் போதும். சம்பள அடுக்கிலும் பதவி வரிசையிலும் அவர் கீழே இருக்கிறார் என்பதால் அந்த ஏற்பாடு யாருக்கும் தோன்றுவதில்லை.

ஆசிரியர் தயாராவதற்கு முன் திட்டமும் தேர்வும் வந்து நிற்பது இங்கே மட்டும் நடந்ததல்ல. அமெரிக்காவில் 2010 வாக்கில் நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் பொதுவான கல்வித் தரநிலைகளை ஏற்றன. நியூயார்க் மாநிலம் அவசரப்பட்டது. புதிய தரநிலையின்படி தேர்வை 2013-லேயே வைத்தது. ஆசிரியர்கள் கையில் பாடப் பொருள் முழுதாக வந்து சேருவதற்கு முன் வினாத்தாள் வந்துவிட்டது. மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான மாணவர்களே தேறினார்கள். அதன் மீது ஆசிரியர் மதிப்பீட்டையும் ஏற்றியதில் கோபம் வளர்ந்து, 2015-ல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு மாணவரைப் பெற்றோரே தேர்வு எழுத அனுப்பவில்லை. தரநிலையில் பெரிய குறை இருந்ததாக எல்லாரும் சொல்லவில்லை. வரிசை தவறிவிட்டது. ஜப்பானில் நேர்மாறான பழக்கம். சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள், ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் ஆசிரியரை விட்டுவிட்டுப் பிள்ளைகளைக் கவனிப்பார்கள், பிறகு உட்கார்ந்து பேசுவார்கள். நூறாண்டுக்கும் மேலாக அங்கே இது சாதாரண வேலை.

நம்மிடம் அதற்கான இடம் ஏற்கெனவே இருக்கிறது. குறுவள மையக் கூட்டம். பக்கத்துப் பக்கத்து ஊர் ஆசிரியர்கள் கூடும் நாள். அந்த நாளில் காணொலி பார்ப்பதற்குப் பதிலாக விடைத்தாள்களைப் பரப்பி வைத்துப் பேசலாம். ஒரே பிள்ளையின் தாளை ஐந்து ஆசிரியர்கள் தனித்தனியாக நிலைப்படுத்தி, வேறுபாடு எங்கே வந்தது என்று பார்க்கலாம். ஆசிரியர் பயிற்றுநர் பள்ளிக்கு வரும்போது பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதைக் குறைத்துக்கொண்டு, இரண்டு பிள்ளைகளை வாசிக்கச் சொல்லி ஆசிரியரோடு சேர்ந்து கேட்கலாம். இதில் எதுவும் புதுக் கண்டுபிடிப்பு அல்ல. கையேடுகளில்கூட அங்கங்கே எழுதியிருக்கிறது.

பணத் தட்டுப்பாடும் உண்மை. பயிற்றுநர் சம்பளமும் பயிற்சிச் செலவும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தை நம்பி இருக்கின்றன. ‘பி.எம். ஸ்ரீ’ ஒப்பந்தத்தில் தமிழகம் கையெழுத்திட மறுத்ததைத் தொடர்ந்து 2024-25-க்கான 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்திவைத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மறுபக்கம், 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பால், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருக்கும் பணியிலுள்ள ஆசிரியர்களும் இரண்டு ஆண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டிய நிலை வந்தது. பிள்ளைகளின் தேர்வைப் பற்றிப் பேச வேண்டியவர்கள் தங்கள் தேர்வைப் பற்றிக் கவலைப்படும் காலம் இது.

இதற்கிடையே 2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியான மாநிலக் கல்விக் கொள்கை, மனப்பாடத்தைவிடப் புரிதலை அளக்கும் மதிப்பீட்டுக்கு மாறப்போவதாகச் சொல்கிறது. பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு நின்றுவிட்டது. பாடத்திட்டத்தை மாற்றும் வேலையும் தொடங்கியாயிற்று. அப்படியானால் இன்னொரு கற்றல் விளைவுப் பட்டியல் வரும், இன்னொரு கையேடு வரும், இன்னொரு சுற்றுப் பயிற்சி வரும்.

பட்டியல் தயாரிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பருவப் பயிற்சிக்கான சுற்றறிக்கை செஞ்சி வட்டார வள மையத்துக்கு வரும்போது அதில் ஒரு வரி கூடுதலாக இருக்கட்டும்: ‘ஆசிரியர்கள் தங்கள் வகுப்பு மாணவர்களின் திருத்திய விடைத்தாள்கள் பத்தைக் கையோடு கொண்டுவரவும்.’ அன்று முற்பகல் முழுவதையும் அந்தத் தாள்களுக்கே ஒதுக்கட்டும். அதற்குத் தனி நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை.